டிக்குவுக்குக் குரல் கொடுத்த அம்மா

உங்கள் மையத்துக்குப் போன மாதம் வந்தபோது அந்தப் புது இயந்திரத்தைக் காட்டினீர்கள். புருவம் அசைகிறது, உதடு அசைகிறது, குழந்தை நகர்ந்தால் அதன் பார்வையும் கூடவே நகர்கிறது. எனக்குப் பிடித்திருந்தது. அதை எப்படி இயக்குவது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர முடியாது, எனக்குத் தெரியாது. ஆனால் அப்படி ஒன்றை ஆட்டிசம் உள்ள குழந்தையின் முன்னால் வைத்த பிறகு அந்த அறையில் இருக்கும் பெரியவர்களுக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். யாராவது ஒருவருக்கு வயிறு எரியத் தொடங்கும். பயிற்சி வகுப்பில் இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் அமுலுவின் கதையை எழுதுகிறேன்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் எங்கள் மையம் நடந்தது. முன்பக்கம் ஒரு கூடம், அதைத் தாண்டி ஒரு சமையலறை, சமையலறையிலிருந்து சந்துக்குப் போக ஒரு பின்வாசல். அவ்வளவுதான் இடம். நான் காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். சாலவாக்கம், மாகறல், மானாம்பதி என்று சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்து குழந்தைகள் வருவார்கள். ஆட்டிசம் என்ற சொல்லையே பல பெற்றோர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்துதான் முதன்முதலில் கேட்டார்கள். கைப்பேசி எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. மின்வெட்டும் அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

அமுலுவுக்கு அப்போது ஏழு வயது. மானாம்பதிக்கு வெளியே ஏரியை ஒட்டிய குடியிருப்பிலிருந்து அவளுடைய அம்மா பவுனு அழைத்து வருவாள். அப்பா லாரியில் லோடு ஏற்றப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். பவுனு காலையில் குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டு நடவுக்கோ களையெடுக்கவோ போவாள். சாயங்கால பஸ்ஸில் வந்து கூட்டிப்போவாள்.

அமுலு யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். கையில் இருக்கிற கண்ணாடி வளையலைக் கழற்றிக் காதோரம் வைத்து நகத்தால் தட்டிக்கொண்டே இருப்பாள். யாராவது திடீரென்று தொட்டால் உடம்பு விறைத்துவிடும். பசித்தால் நம் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் இழுப்பாள். நம் கை அவளுக்கு ஒரு கரண்டி மாதிரி. அந்தக் கைக்கு மேலே ஒரு முகம் இருப்பது அவளுக்குப் பொருட்டே இல்லை. பேச்சு கிட்டத்தட்ட இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அவள் எதிரில் நான் தரையில் உட்கார்ந்து, பந்து உருட்டி, பாட்டுப் பாடி, ஒரு பார்வைக்காகக் காத்திருந்தேன். எப்போதாவது ஒன்று கிடைக்கும். பஸ் ஜன்னலில் தெரிகிற மரம்போல வந்த வேகத்தில் போய்விடும்.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊர் பொறியியல் கல்லூரியிலிருந்து தினகர் என்ற இளம் விரிவுரையாளர் வந்தார். மாணவர்களை வைத்து ஒரு ரோபோ செய்திருந்தார். முழங்கால் உயரம். வெள்ளைத் தலை, இரண்டு வட்டக் கண்கள், மேலும் கீழும் போகிற இமைகள், தூக்குகிற ஒரு வலது கை. கழுத்தைத் திருப்பும்போது உள்ளே இருந்த மோட்டார் டிக் டிக் என்று சத்தம் போடும். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு அது டிக்கு ஆனது. நெற்றியில் சின்ன கேமரா, வயிற்றில் ஒலிபெருக்கி. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு பீரோவைக் குறுக்கே நிறுத்தி, அதன் பின்னால் கணினி வைத்து, அங்கிருந்தபடி அதை இயக்குவார்கள். குழந்தைகளுக்கு அது தெரியாது.

தினகர் சொன்ன விஷயம் சரியாகத்தான் இருந்தது. மனித முகம் ஒரே நேரத்தில் நூறு விஷயம் சொல்கிறது, இந்தக் குழந்தைகளுக்கு அது பெரிய இரைச்சல். ரோபோவின் முகம் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சொல்லும். நேற்று எப்படிச் சொன்னதோ அப்படியே இன்றும் சொல்லும், சலித்துக்கொள்ளாது. அதனிடம் வணக்கம் சொல்லவும், பதில் சொல்லவும், தன் முறைக்குக் காத்திருக்கவும் பழகட்டும். பிறகு அதை மனிதர்களிடம் கொண்டு வரலாம்.

வந்த சில நாட்களிலேயே அமுலு அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். வளையலைக் கீழே வைத்தாள். அதன் கண்களையே பார்த்தாள். இமை மூடித் திறந்தால் இவளும் மூடித் திறந்தாள். நான் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வருஷமாக நான் யாசித்த பார்வை. அதை ஒரு பிளாஸ்டிக் தலைக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மற்ற ஆசிரியைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சாயங்காலம் டிக்குவின் முகத்தை ஈரத்துணியால் துடைக்கும்போது, தேவைக்கு அதிகமாகவே அழுத்தித் துடைத்தேன் என்று நினைக்கிறேன். தினகர் ஓடி வந்து, "மேடம், கழுத்து கழண்டுடும்" என்றார்.

இந்த எரிச்சலை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அது எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருந்தது பிறகு எனக்கு உதவியது.

டிக்குவின் குரல் ஒரு கல்லூரி மாணவியுடையது. முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தார்கள். அழகான குரல். "வணக்கம். நீங்கள் நலமா? இன்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் கேட்கும். அமுலு முதலில் அதன் வாயைப் பார்த்துத் தன் வாயை அசைத்தாள். பிறகு சத்தம் வந்தது. பிறகு சொல்லே வந்தது. ஒரு திங்கட்கிழமை டிக்கு கேட்பதற்கு முன்பே அவள் கேட்டாள், "நீங்கள் நலமா?"

தினகர் குதிக்காத குறை. அன்று சாயங்காலம் பவுனுவிடம் நான்தான் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வூட்லயும் சொல்லிச்சி டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் அமுலு வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். பவுனு வீட்டுக்குப் பக்கத்திலிருந்து வரும் இன்னொரு குழந்தையின் அம்மாவைக் கேட்டபோது, "ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பொம்மைகிட்ட அனுப்ப மாட்டேன்னு சொல்லிகினு கீறா" என்றாள்.

மதியம் மானாம்பதி பஸ் ஏறினேன். களையெடுப்பு நடந்துகொண்டிருந்த வயலை விசாரித்துப் போனேன். பவுனு சேற்றுக் காலோடு வரப்பில் ஏறி வந்தாள். அமுலு சற்றுத் தள்ளி ஒரு வேப்ப நிழலில் உட்கார்ந்து வளையலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லா வந்துகினு இருக்கிற நேரத்துல நிறுத்திட்டியேம்மா" என்றேன்.

"இன்னா நல்லா வந்துச்சி?" என்றாள். "ஏயு வருசமா அது மூஞ்சியப் பாத்துப் பேசிகினு கீறேன் டீச்சர். அமுலு, கண்ணு, செல்லம்னு. சொவுத்துகிட்ட பேசறா மாரி. ஒரு தபா திரும்பிப் பாக்கல. அந்த டப்பா நாலு நாளு பேசிச்சி. இப்ப வூட்ல வந்து நலமா, நலமான்னுது. எங்க வூட்ல யாரு அப்டி பேசறாங்கோ? தெருவே கூடி சிரிக்குது, ஒம் பொண்ணு ரேடியோக்காரிக்குப் பொறந்துச்சான்னு கேக்கறாளுங்கோ."

"பேச்சு வந்துருக்கே, அது சந்தோஷம் இல்லையா?"

"வந்த மொத பேச்சு எவளோ ஒருத்தி பேச்சு." சேற்றுக் கையை முந்தானையில் துடைத்தாள். "நான் பெத்து, நான் கொட்டறேன் சோறு. அந்தப் பொம்மைக்காரி எவ, அவ பேச்சப் பேசுது எம் பொண்ணு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது பவுனு, அந்தப் பொம்மையைப் பார்க்க எனக்கும் எரிந்தது என்று சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்குளுக்கு இன்னா டீச்சர்? சாய்ங்காலம் பஸ் ஏறினா உங்க வூடு. எனக்கு இதான் வூடு."

திரும்பிப் போகிற பஸ்ஸில் அந்தப் பதில் கூடவே வந்தது. அவள் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. குழந்தைக்குச் சொல் கற்றுக்கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவள் வீட்டில் யாருமே பேசாத ஒரு தமிழைக் கற்றுக்கொடுத்திருந்தோம். அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு அவள் யாரோடு பேசுவாள்?

மறுநாள் தினகரிடம் சொன்னேன். "தம்பி, அந்தப் பொண்ணு குரல எடுத்துடுங்க. பவுனு பேசட்டும். பீரோவுக்குப் பின்னாடி உட்கார்ந்து மைக்ல நேராப் பேசட்டும்."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "மேடம், நடுவுல குரல மாத்தினா இதுவரைக்கும் பண்ணதெல்லாம் போயிடும். எல்லாக் குழந்தைக்கும் ஒரே குரல் இருக்கணும். எங்க துறைத் தலைவர் வேற பாக்க வரப்போறார்."

"குழந்தையே வரலன்னா எதைக் காட்டுவீங்க?"

பதில் சொல்ல அவருக்கு ஒரு நாள் பிடித்தது. அமுலுவுக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

பவுனுவிடம் கேட்டபோது அவள் முதலில் சிரித்தாள், பிறகு கோபப்பட்டாள். "நான் போயி அதுக்குள்ள குந்திகினு பேசணுமா?" கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அந்தப் பொம்மைக்காரி கொரலு இருக்காதா?" என்று கேட்டாள்.

"இருக்காது."

"அப்டின்னா வரேன்."

குழந்தையின் முன்னேற்றத்துக்காக அவள் வந்தாள் என்று அறிக்கையில் எழுதினோம். அவள் வந்தது அந்த மாணவியை அங்கிருந்து துரத்த. அந்தப் பொறாமையை வாசலில் விட்டுவிட்டு வா என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளும் வாசலோடு போயிருப்பாள்.

ஏற்பாடு இப்படி. பவுனு வழக்கம்போல் காலையில் அமுலுவை முன்வாசலில் விட்டு, கழனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவாள். உண்மையாகவே போய் மதியம் வரை வேலை செய்வாள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சந்து வழியாகச் சமையலறைக்குள் வந்து, பீரோவுக்குப் பின்னால் என் பக்கத்தில் உட்காருவாள்.

முதல் நாள் அமுலு புதுக் குரலைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். பவுனுவின் முகம் கறுத்துப்போனது. "பாத்தீங்களா, என் கொரலுன்னா புடிக்கல" என்றாள். புதிது எதுவும் அமுலுவுக்குப் பிடிக்காது, டிக்குவின் தலையை இடம் மாற்றி வைத்திருந்தாலும் ஓடியிருப்பாள் என்று சொல்லி உட்கார வைத்தேன். மூன்றாவது முறை வந்தபோது அமுலு உட்கார்ந்தாள்.

நான் எதிர்பார்க்காத ஒன்று அன்று நடந்தது. டிக்குவின் நெற்றிக் கேமரா பிடிக்கிற படம் எங்கள் கணினித் திரையில் தெரியும். அமுலு டிக்குவின் கண்களைப் பார்த்தால், திரையில் அவள் நம்மையே பார்ப்பதுபோல் இருக்கும். எனக்கு அது பழகிப்போயிருந்தது. பவுனு மைக்கைப் பிடித்தபடி திரையைப் பார்த்தாள். முகம் முழுவதும் திரும்பி, இமைக்காமல், தன்னை நேராகப் பார்க்கிற மகளை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தாள். பேச வேண்டியதை மறந்துவிட்டாள். விரலால் திரையைத் தொட்டாள்.

"இம்மாம் பெரிய கண்ணா டீச்சர் அதுக்கு?" என்று என் காதில் கேட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "எத்தப் பாக்குது? அந்தப் பொம்மையத்தான?" என்றாள்.

அதற்குப் பிறகு எரிச்சல் குறையும் என்று நினைத்தேன். கூடியது. முன்பு அவளுக்கு யாரோ ஒரு மாணவிமேல் பொறாமை. இப்போது தன் குரல்மேலேயே பொறாமை. பொம்மை வழியாக அவள் "இன்னா துன்ன?" என்று கேட்டால் அமுலு "சோறு" என்பாள். அதே கேள்வியை, அதே குரலில், ராத்திரி வீட்டில் கேட்டால் பதில் வராது. "எங்கிட்ட இன்னா டீச்சர் கொற கீது? நானும் இமைய மூடி மூடித் தொறந்து பாத்தேன்" என்று ஒரு நாள் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. டிக்குவின் பக்கம் பார்க்கும்போதெல்லாம் சக்களத்தியைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். ஒருமுறை யாரும் இல்லாத நேரத்தில் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டும் போயிருக்கிறாள். அடுத்த நாள் தினகர், யார் செய்தது என்று கேட்டார். கூட்டும்போது திரும்பியிருக்கும் என்றேன்.

துறைத் தலைவர் வந்த நாளைச் சொல்கிறேன். வயதானவர், கதவோரம் நாற்காலி போட்டு அமைதியாக உட்கார்ந்தார். தினகர் வீடியோ கேமராவைத் தயார் செய்தார். பவுனு என்ன பேச வேண்டும் என்பது முடிவாகியிருந்தது. அமுலு என்று கூப்பிட வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், என்ன சாப்பிட்டாய் என்று கேட்க வேண்டும், கை அசைத்து வழியனுப்ப வேண்டும்.

அமுலு வந்து உட்கார்ந்தாள். வளையலைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அமுலு" என்றாள் பவுனு மைக்கில்.

"டிக்கு" என்றாள் அமுலு.

அந்த ஒரு சொல் பவுனுவை என்ன செய்ததோ. திரையில் மகளின் முகம், தன்னையே பார்க்கிறது, வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அவள் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டாள். நான் தடுப்பதற்குள் சொல்லிவிட்டாள். "டிக்கு இல்லடி. நான்தான் உங்கம்மா."

கூடத்திலிருந்து தினகர் பீரோப் பக்கம் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியது பீரோவின் இடுக்கு வழியாகத் தெரிந்தது. அமுலுவின் நெற்றி சுருங்கியது. டிக்குவைப் பார்த்தபடியே இருந்தாள். எழுந்து ஓடப்போகிறாள், அல்லது தலையைத் தரையில் மோதிக்கொள்ளப் போகிறாள் என்று பயந்தேன்.

"இல்ல" என்றாள்.

பவுனு திரையை நோக்கிக் குனிந்தாள்.

"அம்மா கயினில கீது" என்றாள் அமுலு. பிறகு, ஏற்கனவே தெரிந்த ஒன்றைச் சின்னப் பிள்ளைக்கு விளக்குவதுபோல், "பஸ்ஸு வரும். அம்மா வரும்" என்றாள்.

அவள் வாயிலிருந்து அம்மா என்ற சொல்லை நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. பவுனுவும் கேட்டதில்லை.

"தெனம் காலைல நான் சொல்றது டீச்சர் அது" என்று முணுமுணுத்தாள். "கயினிக்குப் போறேன், பஸ்ஸுல வரேன்னு. காதுலயே வுழலன்னு இருந்தேனே." அவள் எழுந்துவிட்டாள். பீரோவைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்குள் ஓடப் போனாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இந்தச் சில நொடிகளைப் பற்றித்தான். அப்படி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தால் அமுலு விறைத்துவிடுவாள், அலறவும் செய்வாள். அதைவிட மோசம், கழனியில் இருப்பதாக அவள் உறுதியாகச் சொன்ன அம்மா பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்து நிற்பாள். இந்தக் குழந்தை உலகத்தில் நம்பி வைத்திருக்கிற ஒரே வரி அது. அதை நாமே பொய்யாக்கக் கூடாது. அதே சமயம் பவுனுவை மறுபடி உட்கார வைத்து, மைக்கைக் கொடுத்து, கை அசைத்து அனுப்பிவை என்று சொல்வதற்கும் எனக்கு மனசு வரவில்லை. அந்த நிமிஷம் மறுபடி வருமா என்று யாருக்குத் தெரியும்?

"பின்வாசல்ல போ" என்றேன் அவள் காதில். "சந்து சுத்தி முன்வாசலா உள்ள வா. பஸ்ல எறங்கி வர்ற மாதிரி வா. ஓடாத. தொடாத. அவ என்ன பண்றாளோ பண்ணட்டும்."

பவுனு செருப்பைக்கூடப் போடாமல் போனாள்.

தினகர் பீரோவுக்குப் பின்னால் வந்துவிட்டார். "மேடம், யார் பேசறது இப்போ? அவ பதிலுக்குக் காத்துகிட்டு இருக்கா. சார் வேற பாத்துகிட்டு இருக்கார்." பழைய பதிவுக் குரலை ஒலிக்கவிடும் விசைக்கு அவர் விரல் போனது. நான் விசைப்பலகைமேல் கையை வைத்துக்கொண்டேன். "சும்மா இருக்கட்டும் தம்பி" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அவருடைய ரோபோ, அவருடைய துறைத் தலைவர், அவருடைய இரண்டு வருஷ உழைப்பு. அதன் வாயை நான் பொத்திக்கொண்டிருந்தேன். ஆனாலும் விரலை எடுத்துக்கொண்டார்.

இடுக்கு வழியாகப் பார்த்தேன். முன்வாசலில் நிழல் விழுந்தது. பவுனு உள்ளே வந்து, நான் சொன்னபடியே நின்றாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள். பிடித்து வைக்காவிட்டால் அவை தானே போய்விடும் என்பதுபோல.

அமுலு திரும்பினாள். அவள் பார்வை அம்மாவின் சேறு காய்ந்த பாதங்களில் விழுந்து, புடவைக் கரையில் ஏறி, அங்கேயே நின்றது. எழுந்து போனாள். பவுனுவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பசிக்கிறதாக்கும், சமையலறைக்கு இழுக்கிறாள் என்றுதான் நினைத்தேன். டிக்குவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"டிக்கு" என்றாள். "அம்மா."

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள் என்றாலும் அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஒரு குழந்தை தனக்கு வேண்டியதைக் கேட்பது ஒன்று. தனக்கு வேண்டிய ஒருவரை இன்னொருவருக்குக் காட்டுவது வேறு. அதற்காகத்தான் நாம் மாதக்கணக்கில் தரையில் உட்கார்ந்திருக்கிறோம். பவுனுவுக்கு இதெல்லாம் தெரியாது. யாரைப் பார்த்து அவள் வயிறு எரிந்ததோ, அதனிடமே மகள் அவளை அறிமுகம் செய்துவைத்தாள். அவள் டிக்குவை முறைத்துக்கொண்டு நின்றாள்.

டிக்கு பதில் சொல்லவில்லை. இமை மட்டும் மூடித் திறந்தது. அமுலு காத்திருந்தாள். அதன் வயிற்றைத் தட்டினாள். மறுபடி, "அம்மா" என்றாள். சத்தமே இல்லை. அவள் விரல்கள் படபடக்கத் தொடங்கின. அழுகை வரப்போகிறது என்று தெரிந்தது. விசைப்பலகையிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. தவறு செய்துவிட்டேனோ என்று தோன்றியது.

பவுனுவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குனிந்தாள். மைக்கில் கேட்டுப் பழகிய கேள்வி தானாக வாயில் வந்தது.

"அமுலு, இன்னா துன்ன?"

அமுலு டிக்குவின் வயிற்றைப் பார்த்தாள். குரல் அங்கிருந்து வரவில்லை. தலையைச் சாய்த்தாள். மெதுவாகத் திரும்பி அம்மாவின் வாயைப் பார்த்தாள். பீரோவுக்குப் பின்னால் இருந்த திரையில் இப்போது அவளுடைய பின்தலைதான் தெரிந்தது. அதனால் மறுபடி பீரோவின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். அவள் கையை நீட்டி, ஒரு விரலைப் பவுனுவின் கீழுதட்டில் வைத்திருந்தாள்.

"இன்னா துன்ன கண்ணு?" என்றாள் பவுனு. விரலுக்கு அடியில் உதடு அசைந்தது.

"முட்ட" என்றாள் அமுலு.

பவுனு அழவில்லை. அதே கேள்வியை மறுபடி கேட்டாள். முட்டை என்று பதில் வந்தது. மறுபடி கேட்டாள். அப்புறமும் கேட்டாள். கடைசியில் அமுலுவுக்குச் சலித்துப்போய், வளையலை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். துறைத் தலைவர்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே மகிழ்ச்சி. பவுனுவைக் கூப்பிட்டு, இந்த வருஷம் முழுக்க இதேபோல் வந்து பேச வேண்டும், போக்குவரத்துக்குக் கல்லூரியே ஏற்பாடு செய்யும் என்றார். தினகரும் தலையாட்டினார்.

"அமுலுவ இட்டுகினு வரேன் சார்" என்றாள் பவுனு. "ஆனா நான் இனிமே அதுக்குப் பேச மாட்டேன்."

"ஏம்மா? நல்லாத்தானே நடந்துச்சு."

"அதுக்கு நீங்கோ வேற யாரனா வச்சிக்கங்க." அவள் டிக்குவைத் திரும்பிப் பார்த்தாள். "என் கொரலு எனக்கு வோணும் சார்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பேசி அவளைச் சம்மதிக்க வைப்பேன் என்று எதிர்பார்த்தார்கள். வைத்திருக்கவும் முடியும், அவள் என் பேச்சைக் கேட்பாள். நான், "அவங்க சொல்றபடியே செய்யலாம்" என்றேன்.

அதன் விலையையும் சொல்லிவிடுகிறேன். அமுலுவின் நேரத்திலும் டிக்குவுக்கு மாணவியின் குரல் திரும்ப வந்தது. அமுலு அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள், கேட்டாள், எழுந்து போனாள். அப்புறம் அதன் பக்கம் போகவே இல்லை. தினகர் தன் ஆய்விலிருந்து அவள் பெயரை நீக்க வேண்டியதாயிற்று. எங்களுக்குள் சில மாதங்கள் வணக்கம் மட்டும்தான். அடுத்த கல்வியாண்டில் டிக்குவை வேறு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சில குழந்தைகளுக்கு நல்ல பலன் இருந்ததாகக் கேள்விப்பட்டேன், சந்தோஷப்பட்டேன். கொஞ்சம் எரியவும் செய்தது. பவுனுவைச் சம்மதிக்க வைத்து இன்னும் ஆறு மாதம் நடத்தியிருந்தால் அமுலு இன்னும் அதிகம் பேசியிருப்பாளா? இருக்கலாம். எனக்குத் தெரியாது.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். அறைக்கு வெளியே உட்கார்ந்து இயந்திரத்தை முறைக்கிற அம்மாவையோ அப்பாவையோ தொந்தரவு என்று எண்ணாதீர்கள். படிக்காதவர்கள், புரியாது என்று சொல்லி ஒதுக்காதீர்கள். நீங்கள் பஸ் ஏறிப்போன பிறகும் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கப் போவது அவர்கள்தான். அந்தக் குழந்தைமேல் தனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறவருக்குத்தான் வயிறு எரியும். எரிச்சல் இல்லாமல், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றித்தான் நான் கவலைப்பட்டிருக்கிறேன்.

டிக்கு போன பிறகு அமுலு எங்களிடம் தொடர்ந்து வந்தாள். வேகமாக ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் பவுனு கேட்கிற கேள்விகளில் சிலதுக்குப் பதில் வரும், பலதுக்கு வராது. பார்வை வரும், போகும். பவுனு முன்புபோல் முறையிடுவதைக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்து சில வாரங்கள் இருக்கும். காலையில் நான் மையத்தைத் திறக்க வந்தபோது பவுனு ஏற்கனவே வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அமுலு பக்கத்தில் இருந்தாள். பவுனுவின் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

"டீச்சர், நேத்து எங்க நாத்துனாரு வந்துச்சி கைக்கொயந்தைய தூக்கிகினு" என்று படியேறுவதற்குள் தொடங்கிவிட்டாள். "நான் அத்த வாங்கி மடில வச்சிகினு கொஞ்சிகினு இருந்தேன். இது எங்கியோ மூலைல வளவி தட்டிகினு கெடந்துச்சி. திடீர்னு எய்ந்து வந்துச்சி டீச்சர். வந்து அந்தக் கொயந்தையப் புடிச்சித் தள்ளிச்சி பாருங்கோ! தள்ளிட்டு எம் மடில குந்திகினு, எம் மூஞ்சிய ரெண்டு கையாலயும் புடிச்சித் தம் பக்கம் திருப்பிகினு, எங்கம்மான்னுச்சி."

மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினாள்.

"பொறாம டீச்சர்! எம் பொண்ணுக்கு எனக்கோசரம் பொறாம வந்துட்ச்சி!"

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். தள்ளப்பட்ட குழந்தைக்கு அடிபட்டதா என்று கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.